இடைவெளிக்குப் பின் வார்டுப் பணி

திருமணம், பிள்ளை வளர்ப்பு, வளைகுடா நாட்டு வாழ்க்கை, செவிலியர் பள்ளியில் ஆசிரியப் பணி, காப்பீட்டு அலுவலகத்து மேசை வேலை எனக் காரணம் எதுவாயினும், சில ஆண்டுகளாக நோயாளியின் கட்டிலருகே நின்று பணியாற்றாத செவிலியர் ஒருவர் மீண்டும் வார்டுக்குத் திரும்ப முடிவு செய்யும்போது எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பதை இந்த அத்தியாயம் வரிசைப்படுத்தித் தருகிறது. ஜி.என்.எம். எனப்படும் பொதுச் செவிலியம் மற்றும் மகப்பேற்றுப் பட்டயம் பெற்றவருக்கும், பி.எஸ்சி. நர்சிங் பட்டம் பெற்றவருக்கும் இது பொருந்தும். எடுத்துக்காட்டுகள் சித்தூர், திருப்பதி வட்டாரத்தைச் சார்ந்தவை.

திரும்பி வருபவர் பெரும்பாலும் மறதியைக் கண்டே அஞ்சுகிறார். ஆனால் நரம்பில் கேனுலா ஏற்றுவது, இரத்த அழுத்தம் பார்ப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது போன்ற கைவேலைகள் சில வாரப் பழக்கத்தில் மீண்டுவிடுகின்றன. நோயாளிக்கு மிகுந்த ஆபத்து, செவிலியர் மறக்காமல் வைத்திருக்கும் பழைய வழக்கங்களிலிருந்துதான் வருகிறது. பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்தவையும், கை தன்போக்கில் செய்துவிடுபவையுமான அவற்றுள் பல இன்று தவறென்று கைவிடப்பட்டுள்ளன. ஆகவே புதியதைப் படிக்குமுன் பழையதைச் சலித்தெடுக்க வேண்டும். அப்பகுதி கீழே மற்றவற்றைவிட நீண்டிருப்பது அதனால்தான்.

பதிவும் சான்றிதழ்களும்

மாநிலச் செவிலியர் மன்றத்தின் ஏட்டில் நடப்பிலுள்ள பதிவு இல்லாதவர் வார்டில் செவிலியராகப் பணியாற்ற முடியாது. வேலைக்கு விண்ணப்பித்த பிறகு இதைக் கவனித்து வாய்ப்பை இழப்பவர் பலர் என்பதால், பின்வரும் வரிசையில் முதலில் இதையே முடிக்க வேண்டும்.

1. பதிவு எந்த மாநிலத்தில் உள்ளது என்று பார்க்க வேண்டும். வேலூரிலோ சென்னையிலோ படித்தவரின் பெயர் தமிழ்நாட்டு மன்றத்தில் இருக்கும். அவர் சித்தூரிலோ திருப்பதியிலோ பணியாற்ற ஆந்திரப் பிரதேசச் செவிலியர் மற்றும் தாதியர் மன்றத்தில் ஒப்புப் பதிவு பெற வேண்டும். ஒரு மாநிலத்தின் பதிவை ஆதாரமாகக் கொண்டு மற்றொரு மாநிலம் தன் ஏட்டில் பெயரைச் சேர்த்துக்கொள்வதே ஒப்புப் பதிவு. எல்லை தாண்டி வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போகும் சித்தூர்க்காரருக்கும் இதே விதி மறுதலையாகப் பொருந்தும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சித்தூர் வளாகம் ஆந்திர எல்லைக்குள் இருப்பதுபோல், நிறுவனத்தின் பெயரில் உள்ள ஊர் ஒன்றும் பணியிடம் வேறொன்றுமாக இருக்கக்கூடுமாதலால், நியமனம் எந்த மாநிலத்தில் என்பதைக் கேட்டறிந்த பிறகே கட்டணம் செலுத்துவது நல்லது.

2. 2014 ஜூன் 2 அன்று மாநிலம் பிரிக்கப்படுமுன் ஹைதராபாத்திலிருந்து வழங்கப்பட்ட சான்றிதழ் கையிலிருந்தால், அந்தப் பெயர் இன்றைய ஆந்திரப் பிரதேச மன்றத்தின் ஏட்டில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

3. புதுப்பித்தலுக்குரிய தொடர்கல்வி மணிகளைச் சேர்க்க வேண்டும். ஐந்தாண்டுக்கு 150 மணி நேரம் என்பது இந்திய செவிலியர் மன்றம் வகுத்த அளவு. வெறும் வருகைச் சான்றுக்காக நாளைக் கழிக்காமல், உயிர்காப்புப் பயிற்சி, தொற்றுக் கட்டுப்பாடு, தீவிர சிகிச்சைக் கருவிகள் ஆகிய மூன்றில் இம்மணிகளைச் செலவிட்டால் ஒரே முயற்சியில் தாளும் அறிவும் கிடைக்கும்.

4. என்.யு.ஐ.டி. எனப்படும் தேசியத் தனி அடையாள எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாடு முழுதுமுள்ள செவிலியர்களை ஒரே மின்னேட்டில் தொகுக்கும் திட்டத்தின்கீழ் இது வழங்கப்படுகிறது; அத்திட்டம் வருமுன் பணியை விட்டவரிடம் இந்த எண் இராது.

5. பெயர் எல்லாத் தாள்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தந்தை பெயரின் தலைப்பெழுத்து, ஆதாரில் கணவர் வீட்டாரின் குடும்பப் பெயர் முன்னே, வங்கிக் கணக்கில் கணவர் பெயர் பின்னே என்று மூன்று வகையாக எழுதப்படுவது தமிழ் வழக்கும் தெலுங்கு வழக்கும் கலந்த இந்த வட்டாரத்தில் மிகச் சாதாரணம். நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் போதுமா, அரசிதழ் அறிவிப்பு வேண்டுமா என்பதை மன்றத்திலேயே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

குறிப்பு: 2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய சான்றிதழ்களில் "சித்தூர் மாவட்டம், திருப்பதி" என்றிருப்பது பிழையன்று. அதைத் திருத்த அலைய வேண்டியதில்லை.

அரசுப் பணியை நாடுபவர் ஒரு செய்தியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆந்திர அரசின் ஒப்பந்த ஸ்டாஃப் நர்ஸ் நியமன அறிவிப்புகளில், தேர்வு மதிப்பெண்ணோடு, தகுதி பெற்ற பின் கழிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மதிப்பெண் வீதம் 10 வரை சேர்க்கும் முறை இருந்துவருகிறது. வயது வரம்புக்குள் இருப்பவருக்கு, வீட்டிலிருந்த ஆண்டுகளும் இங்கே எண்ணிக்கையில் சேர்கின்றன. ஒவ்வோர் அறிவிப்பின் நிபந்தனையையும் தனித்தனியே படித்துப் பார்ப்பது அவசியம்.

பணியில் சேருமுன் உடல்நலம்

கல்லீரல் அழற்சி-பி தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசியிலிருந்து ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் அடுத்தவை போட வேண்டும் என்பதால், இதை முதல் மாதத்திலேயே தொடங்காவிட்டால் பின்னால் ஈடுகட்ட இயலாது. மாணவப் பருவத்தில் போட்டுக்கொண்டவரும் எதிர்ப்புப் பொருள் அளவைப் பரிசோதித்து, அது லிட்டருக்கு 10 அலகுக்கு மேல் இருந்த பதிவைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், மார்பு எக்ஸ்-ரே ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். ஆறு மணி நேரம் நின்று பழகாத கால்களுக்கும் இடுப்புக்கும் ஒரு மாதம் முன்பிருந்தே நடைப் பயிற்சி தேவை. நோயாளியை ஒருவராகத் தூக்கிக் கட்டில் மாற்றும் வீம்பு பழைய செவிலியர்களிடம் மிகுதி; அது முதுகெலும்பின் வட்டுப் பிதுக்கத்தில் போய் முடியும்.

எந்த மருத்துவமனையில் தொடங்குவது

வீட்டருகே உள்ள 20 படுக்கை நர்சிங் ஹோம் எளிய தொடக்கமாகத் தோன்றும்; வேலை உடனே கிடைக்கும், கேள்விகளும் அதிகம் இரா. எனினும் இடைவெளிக்குப் பின் திரும்புபவருக்கு இதைவிடக் கடினமான இடம் வேறில்லை. அங்கே இரவில் ஒரே செவிலியர்தான் இருப்பார். மருத்துவர் தொலைபேசியில்தான் கிடைப்பார். தவறைச் சுட்டிக்காட்ட மூத்தவர் எவரும் இரார். கூட்டமும் குறைந்த வசதியும் இருந்தபோதிலும், பல செவிலியர்கள் ஒரே பணிநேரத்தில் நிற்கும் பெரிய மருத்துவமனையே கற்பதற்கு உகந்தது.

இவ்வகையில் திருப்பதியில் 1960-இல் தொடங்கப்பட்ட எஸ்.வி. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ருயா அரசுப் பொது மருத்துவமனை, ஸ்விம்ஸ் எனப்படும் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் கழகம், எலும்பு அறுவைக்கான பிர்ட் ஆகியவை உள்ளன, குப்பத்தில் பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. பிரிவைத் தேர்ந்தெடுக்கையில் பொது மருத்துவ வார்டு அல்லது அறுவைக்குப் பிந்தைய வார்டில் தொடங்கி, ஆறு மாதத்துக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாறுவது பாதுகாப்பானது. நேர்காணலில் கேட்க வேண்டியவை மூன்று: வழிகாட்டிச் செவிலியரை எத்தனை வாரத்துக்கு உடன் வைப்பார்கள், இரவுப் பணியில் வார்டுக்கு எத்தனை பேர், மருந்துத் தவறு நேர்ந்தால் எழுதித் தெரிவிக்கும் படிவம் உண்டா. கடைசிக் கேள்விக்கு "இங்கே தவறே நடக்காது" என்று விடை வந்தால் வேறு இடம் பார்ப்பது நலம்.

குறிப்பு: புரட்டாசி பிரம்மோற்சவத்தை ஒட்டியும் வைகுண்ட ஏகாதசியை ஒட்டியும் திருப்பதி மருத்துவமனைகளில் வேலை நெருக்கும், கற்றுக்கொடுக்க எவருக்கும் நேரமிராது. சேரும் தேதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால் அவ்வாரங்களைத் தவிர்க்கலாம்.

கைவிட வேண்டிய பழக்கங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி கிழித்து, பள்ளியில் கற்ற முறையை இடப்புறமும் சேர்ந்த மருத்துவமனையின் எழுதப்பட்ட நடைமுறையை வலப்புறமும் எழுதிக்கொண்டு ஒப்பிடுவதே இதற்குச் சிறந்த வழி. பின்வருவன பெரும்பாலும் எல்லா இடத்திலும் மாறியிருப்பவை.

1. முதுகுப் பராமரிப்பு. ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, சிவந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பது ஒரு காலத்தில் காலைப் பணியின் முதல் வேலை. சிவந்த தோலைத் தேய்த்தால் அடியிலுள்ள திசு மேலும் சிதைகிறது. ஸ்பிரிட் தோலை வறளச் செய்கிறது. காற்றடைத்த வளையம் சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. இப்போது பிரேடன் அளவுகோலால் ஆபத்தை மதிப்பிட்டு (23-க்கு 18 அல்லது அதற்குக் கீழ் வந்தால் புண் வரும் ஆபத்து உண்டு), நிலை மாற்றும் நேரத்தைக் குறித்து, தோலை உலர்வாகவும் மென்மையாகவும் வைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

2. மூக்குவழி உணவுக்குழாய். சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்பது குழாய் இரைப்பையில் இருப்பதற்குச் சான்றாகாது. நுரையீரலில் இருந்தாலும் அதே ஓசை கேட்கக்கூடும். உறிஞ்சி எடுத்த நீர்மத்தின் அமிலத் தன்மையைத் தாளில் சோதித்து 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கும்வரை எதையும் ஊட்டக் கூடாது.

3. ஊசிக்கு மூடியிடுதல். போட்ட ஊசியை இரு கையால் மூடும் பழக்கம் விரலில் மிக ஆழமாகப் பதிந்திருக்கும். கழிவுப் பெட்டியைக் கட்டிலருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டால் மட்டுமே இது விடுபடும். மன உறுதியை நம்பிப் பயனில்லை.

4. மூச்சுத் திணறலுக்கு முழு ஆக்சிஜன். எல்லோருக்கும் முழு வேகத்தில் திறந்துவிடுவது தவறு. பொதுவான இலக்கு 94 முதல் 98 விழுக்காடு. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் கரியமில வாயு தேங்கும் ஆபத்து உள்ளவருக்கு 88 முதல் 92. கேஸ் ஷீட்டில் இலக்கு எழுதப்படாதிருந்தால் மருத்துவரிடம் கேட்டு எழுத வைக்க வேண்டும்.

5. உயிர்காப்பு வரிசை. மூச்சுப்பாதை, சுவாசம், பிறகு மார்பழுத்தம் என்ற பழைய வரிசை 2010-இல் மாறியது. வயது வந்தோருக்கு மார்பழுத்தமே முதலில். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 செ.மீ., 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. பொம்மையின் மேல் பயிற்சி செய்து சான்று பெறாமல் பணியில் சேரக் கூடாது. அமெரிக்க இதயக் கழகத்தின் சான்று இரண்டாண்டு செல்லும்.

6. அறுவைக்கு முந்திய இரவு சவரக்கத்தி. கத்தி ஏற்படுத்தும் நுண்கீறல்கள் தொற்றுக்கு வழிவிடுவதால், முடியை அப்படியே விடுவதும், நீக்கியே ஆக வேண்டுமானால் கிளிப்பரால் கத்தரிப்பதும் இன்றைய முறை.

7. சிறுநீர்க் குழாய். வழக்கமாகச் செய்துவந்த சிறுநீர்ப்பை கழுவலும், குழாயையும் பையையும் கழற்றி மாட்டுவதும் தொற்றைக் கூட்டுபவை. மூடிய இணைப்பைத் திறக்காமல், பையைச் சிறுநீர்ப்பைக்குக் கீழும் தரையில் படாமலும் தொங்கவிட்டு, "இந்தக் குழாய் இன்றும் தேவையா" என்று நாள்தோறும் கேட்பதே செவிலியரின் வேலை.

8. கழிவுப் பைகள். 1998 விதிகளின் கறுப்புப் பை 2016 விதிகளில் இல்லை. இரத்தம் தோய்ந்த பஞ்சும் காலாவதி மருந்தும் மஞ்சளில்; டிரிப் செட், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்ச் சிவப்பில்; ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில்; கண்ணாடி ஆம்ப்யூலும் வயலும் நீலத்தில்.

மகப்பேற்றுப் பிரிவுக்குப் போகிறவர் இன்னும் சிலவற்றை விட்டொழிக்க வேண்டும். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை உடனே கட்டாமல் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் காத்திருப்பதும், கொடியின் மேல் பவுடரோ மருந்தோ தடவாமல் உலரவிடுவதும், முதல் நாளே குளிப்பாட்டாமல் தாயின் மார்போடு சேர்த்துக் கிடத்துவதும் இன்றைய வழக்கம். பாட்டிமார் முகஞ்சுளித்தாலும் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

மருந்துக் கணக்கு

சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து நாளும் சில கணக்குகளைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வகை போதும்.

முதலாவது சொட்டுக் கணக்கு. மில்லி லிட்டருக்கு 20 சொட்டு விழும் செட்டில் 500 மி.லி. திரவத்தை 4 மணி நேரத்தில் ஏற்ற, 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க, நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு வரும். செட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் சொட்டு எண்ணைப் பார்க்காமல் கணக்கிடக் கூடாது. மைக்ரோ செட்டில் அது 60.

இரண்டாவது, சிரிஞ்ச் பம்புக்கான கணக்கு. நோயாளியின் எடை 60 கிலோ. நோரட்ரினலின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் வீதம் தரச் சொல்லியிருக்கிறார்கள், 50 மி.லி.யில் 4 மில்லிகிராம் கலந்துள்ளது. நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம் தேவை. கலவையின் செறிவு மி.லி.க்கு 80, ஆகவே மணிக்கு 4.5 மி.லி. இந்த எண்ணை உடன் பணியாற்றும் மற்றொரு செவிலியர் தனியே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். முதலாமவர் சொன்னதைக் கேட்டுத் தலையசைப்பது சரிபார்ப்பாகாது.

எச்சரிக்கை: இன்சுலின் இந்தியாவில் இரு செறிவில் புழங்குகிறது. சாதாரண வயலில் மி.லி.க்கு 40 அலகும், பேனா காட்ரிஜ்ஜிலும் சில வயல்களிலும் 100 அலகும் இருக்கும். 40-க்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்குரியது ஆரஞ்சு. 100 செறிவு இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால் உடம்பில் இறங்குவது 25 அலகு. நள்ளிரவில் நோயாளி வியர்த்து நினைவிழந்து கிடப்பதை அருகில் படுத்திருக்கும் உறவினர்தான் முதலில் கண்டு ஓடிவருவார். வயலையும் மூடியையும் ஒரே கையில் பிடித்து, இரண்டு எண்ணையும் வாய்விட்டுப் படித்த பின்னரே மருந்தை எடுக்க வேண்டும். காட்ரிஜ்ஜிலிருந்து சிரிஞ்சால் இன்சுலின் எடுக்கவே கூடாது. பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலை நீர்க்காமல் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுபோகும் என்பதால், அதை மற்ற ஆம்ப்யூல்களோடு ஒரே தட்டில் வைக்கவே கூடாது.

கண்காணிப்பும் மருத்துவருக்குத் தகவலும்

பல வார்டுகளின் டி.பி.ஆர். சார்ட்டைப் புரட்டினால், எல்லா நோயாளிகளும் நிமிடத்துக்குச் சரியாக 20 முறை மூச்சு விடுவதாக எழுதியிருக்கும். மனித இனம் இவ்வளவு ஒழுங்காக மூச்சு விடுவதில்லை. நோயாளி மோசமடைவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் மூச்சு எண்ணிக்கையே என்பதால், அதை முழு 60 நொடி எண்ண வேண்டும்.

எண்களைத் தனித்தனியே பார்க்காமல் கூட்டிப் பார்க்கும் முறைகளுள் நியூஸ்-2 என்பது பரவலானது. இங்கிலாந்தின் அரச மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்டது. மூச்சு 24 (மதிப்பெண் 2), ஆக்சிஜன் அளவு வெறும் காற்றில் 93 (2), நாடி 112 (2), மேல் இரத்த அழுத்தம் 104 (1), காய்ச்சல் 38.4 செல்சியஸ் (1), நினைவு தெளிவு (0) என்று ஒருவர் இருப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு எண்ணும் "பரவாயில்லை" என்றே தோன்றும். கூட்டினால் 8 வருகிறது. 5 வந்தாலே மருத்துவரை விரைந்து அழைக்க வேண்டும், 7 அல்லது அதற்கு மேல் வந்தால் அவசர நிலை.

அழைக்கும்போது நிலை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என்ற நான்கு படியில் பேச வேண்டும், எஸ்.பி.ஏ.ஆர். என்று வார்டுகளில் சொல்லப்படுவது இதுதான். "சார், மெடிக்கல் வார்டு 14-ஆம் பெட் நோயாளிக்கு மூச்சு 24, சாச்சுரேஷன் 93, ஸ்கோர் 8. நேற்று நிமோனியாவுக்காக அட்மிட் ஆனவர், சர்க்கரை உண்டு. தொற்று இரத்தத்தில் பரவுகிறதோ என்று தோன்றுகிறது. இப்போதே வந்து பார்க்க வேண்டும். அதுவரை ஆக்சிஜன் தொடங்கட்டுமா?" என்று முடித்து, மருத்துவர் சொன்ன உத்தரவைத் திரும்பச் சொல்லி உறுதி செய்து, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். "பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கிறார் சார்" என்ற வாக்கியம் எவரையும் கட்டிலருகே வரவழைப்பதில்லை.

இவ்வட்டாரத்துக்கே உரியவை

சித்தூர்த் தமிழ்ச் செவிலியருக்குத் தெலுங்கு பேச்சளவில் தெரிந்திருக்கும். ஆயினும் நோய்க்குறிச் சொற்களைத் தனியே சரிபார்த்துக்கொள்வது நல்லது. தெலுங்கு நோயாளி "ஆயாசம்" என்று சொல்வது பெரும்பாலும் மூச்சிரைப்பை. அதைத் தமிழ்க் காதால் களைப்பு என்று கேட்டுக் கடந்துபோனால் இதயச் செயலிழப்பு ஒன்று கவனிக்கப்படாமல் போகும். "நீரசம்" என்பதே சோர்வு. "திம்மிரி" என்பது மரத்துப்போதல்.

திருப்பதி வார்டுகளில் யாத்திரிகர்கள் தனி வகை. அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறும் வழியில் நெஞ்சு வலி வந்து இறக்கிக் கொண்டுவரப்படுபவரிடம் பழைய சீட்டு இராது, மாத்திரை பஸ்ஸில் இருக்கும், உடன் வந்தவர் வேறு மொழி பேசுவார். இவருக்கு முதலில் கேட்க வேண்டியவை: எந்த மருந்துக்கு ஒவ்வாமை, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா, சர்க்கரைக்கு ஊசியா மாத்திரையா, கடைசியாக எப்போது சாப்பிட்டார். ஊரிலுள்ள வீட்டாரைத் தொலைபேசியில் பிடித்து மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது அரை மணி நேர விசாரணையை மிச்சப்படுத்தும்.

பாம்புக்கடி நோயாளிகள் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருவார்கள். இரத்தம் உறையும் திறனைக் கட்டிலருகே காணும் 20 நிமிடச் சோதனையில் செவிலியரின் கைப்பிழைதான் முடிவைக் கெடுக்கிறது. செய்ய வேண்டியது:

1. புதிய, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாயை எடுக்க வேண்டும். சோப்புப் பொடியால் கழுவியது உதவாது, பிளாஸ்டிக்கும் உதவாது.
2. 2 மி.லி. சிரை இரத்தத்தை அதில் விட்டு, நேரத்தைக் குழாயிலேயே எழுதி, 20 நிமிடம் ஆட்டாமல் வைக்க வேண்டும்.
3. ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் ஓடினால் உறையவில்லை என்று பொருள். உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.
4. நச்சுமுறி மருந்து தொடங்குமுன் அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்துத் தயாராக வைத்து, முதல் சில நிமிடம் கட்டிலைவிட்டு நகராமல் அரிப்பு, தடிப்பு, மூச்சிரைப்பு தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு: ஊசிக்குத்தும் ஆக்சிஜனும்

ஊசி குத்திவிட்டால் விரலைப் பிதுக்குவதும் ஸ்பிரிட்டில் முக்குவதும் கூடாது. சோப்பும் ஓடும் நீரும் போதும். உடனே பொறுப்பாளரிடம் தெரிவித்து, நோயாளியின் இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். முதல் தவணை 2 மணி நேரத்துக்குள் எடுப்பது சிறந்தது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த கூச்சத்தால் சொல்லாமல் மறைத்து வீட்டுக்குப் போவதே இங்கு நேரும் பெரிய தவறு.

2021 மே 10 இரவு ருயா மருத்துவமனையில் திரவ ஆக்சிஜன் டாங்கர் வரத் தாமதமாகிக் குழாய் அழுத்தம் குறைந்தபோது, சில நிமிட இடைவெளியில் கொரோனா நோயாளிகள் உயிரிழந்தனர். டாங்கரைக் கொண்டுவருவது செவிலியர் கையில் இல்லை. ஆனால் அழுத்தமானி எங்கே உள்ளது, எச்சரிக்கை மணி அடித்தால் யாரை அழைப்பது, மாற்று சிலிண்டரும் அம்பு பையும் எங்கே உள்ளன என்பவற்றைப் பணிக்கு வந்த முதல் நாளே தெரிந்துகொள்வது அவர் கையில் உள்ளது. பி வகை சிலிண்டரில் நிறைந்த நிலையில் ஏறத்தாழ 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 150 நிமிடம் வரும். மானி பாதியைக் காட்டினால் 75 நிமிடம். ஸ்கேனுக்கு நோயாளியை அனுப்புமுன் லிஃப்டில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

முதல் மூன்று மாதம்

1. முதல் இரண்டு வாரம் வழிகாட்டிச் செவிலியரோடு நின்று, நாடி முதலியவை பார்த்தல், பொறுப்பேற்பு, பதிவு எழுதுதல் ஆகியவற்றை மட்டும் செய்ய வேண்டும். கிராஷ் கார்ட்டின் ஒவ்வோர் இழுப்பறையையும் திறந்து, அதில் உள்ளவற்றைப் பாராமல் சொல்லும் அளவுக்குப் பழக வேண்டும்.

2. மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு மூன்று நோயாளிகளின் முழுப் பொறுப்பை ஏற்று, ஒவ்வொரு நரம்பு மருந்தையும் மற்றொருவர் பார்க்கக் கொடுக்க வேண்டும்.

3. இரண்டாம் மாதத்தில் காலை 8 முதல் 2, மதியம் 2 முதல் 8 ஆகிய பணிநேரங்களில் வார்டின் வழக்கமான சுமையை ஏற்கலாம். தம்மைவிடப் பத்து வயது இளைய இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டுச் செய்வதில் கூச்சம் எழும்; அவரோ முன்னாள் சீனியரைத் திருத்தத் தயங்குவார். "தவறாகச் செய்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள் சிஸ்டர்" என்று முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் இருவருக்கும் இடையூறு நீங்கும்.

4. கற்ற ஒவ்வொரு கருவிக்கும் செயல்முறைக்கும் தேதியும் பார்த்தவர் கையொப்பமும் கொண்ட பதிவேடு ஒன்றைத் தாமே வைத்துக்கொள்ள வேண்டும். கையொப்பம் பெறாத கருவியை இயக்கச் சொன்னால், "இதில் எனக்கு இன்னும் பயிற்சி தரவில்லை" என்று மறுப்பதற்கு அந்த ஏடே ஆதாரம்.

5. இரவு 8 முதல் காலை 8 வரையிலான பணியை, உடன் ஒருவர் இருக்கையில் குறைந்தது நான்கு முறை செய்த பிறகே தனியாக ஏற்க வேண்டும். பொறுப்பேற்பை மேசையில் அமர்ந்து கேட்டு முடிக்காமல், கட்டில் கட்டிலாக நடந்து, கேனுலா போட்ட இடம், ஓடும் மருந்தின் பெயரும் வேகமும், சிறுநீர்ப் பையின் அளவு, தோலின் நிலை, அடுத்த மருந்தின் நேரம் ஆகியவற்றை நேரில் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அபாய நிலையிலுள்ளவர்களின் படுக்கை எண்களை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு, நள்ளிரவு 12, 2, 4 மணிக்கு முதலில் அவர்களையே பார்க்க வேண்டும். அதிகாலை இரண்டு முதல் ஐந்து வரை தூக்கக் கலக்கம் மிகும் நேரமாதலால், இன்சுலினும் பம்ப் மருந்தும் அந்நேரத்தில் மாற்ற நேர்ந்தால் பக்கத்து வார்டுச் செவிலியரை அழைத்தேனும் இரட்டைச் சரிபார்ப்பு செய்ய வேண்டும்.

மூன்று மாதம் முடிந்தும் உயிர்காப்பு அழைப்பு ஒன்றில்கூடப் பங்கேற்க நேராதவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வாரம் உடனிருந்து பார்க்க அனுமதி வேண்டி நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்டுக்கு எழுதித் தரலாம். வாய்மொழியாகக் கேட்டதைவிட எழுதித் தந்த கோரிக்கை பணிப்பட்டியலில் இடம்பெறும் வாய்ப்பு அதிகம்.